ஒரே கணினியில் இரண்டு குடித்தனம்: டூயல் பூட்டில் பங்கு பிரியாத சாமான்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் சூடு பிடித்துவிடும். அங்கே வியாபாரம் செய்யும் தெரிந்தவர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலை நாலே முக்காலுக்கு போன் செய்தார். பின்னால் ஏலக் கூச்சல்.

"தம்பி, மெசின் நேத்து தேதியே போடுது. மூணு பில்லு அடிச்சிட்டேன்."

"மணி எத்தனை காட்டுதுண்ணே?"

"பதினொன்னே கால். ராத்திரி."

"பையன் ஊருக்கு வந்திருக்கானா?"

"சனிக்கிழமை வந்தான். அவனுக்கும் இதுக்கும் என்னப்பா?"

நிறையவே இருந்தது. புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் மகன், அப்பா பில் போடும் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் ஏற்றியிருந்தான். ஒரே கணினியில் இரண்டையும் வைத்து, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இந்த ஏற்பாடுதான் டூயல் பூட். நாலே முக்காலிலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் முந்தின இரவு பதினொன்றே கால். ஐந்தரை என்ற கணக்கு வந்தாலே போதும், கிரீன்விச் நேரத்துக்கும் நம்மூர் நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது என்று பிடித்துவிடலாம்.

மதர்போர்டில் நாணயம் அளவு பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அது சொல்வது வெறும் எண். எந்த ஊர் நேரம் என்று அதற்குத் தெரியாது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இந்தக் கடிகாரம் இடம்பெற்ற நாளிலிருந்து, அன்றைய டாஸ் இயங்குதளமும் அதன் வழிவந்த விண்டோஸும் அந்த எண்ணை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸ், யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் பரம்பரை. கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் (கிரீன்விச் நேரம்தான்) வைத்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். மகன் ஞாயிறு இரவு லினக்ஸில் வேலை பார்த்தான். லினக்ஸ் இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு, கடிகாரத்தைத் தன் வழக்கப்படி திருத்திவிட்டது. அப்பா அதிகாலையில் விண்டோஸைத் திறந்தார். அது அந்த எண்ணைக் கடலூர் நேரம் என்று நம்பியது. துறைமுகத்தில் லேப்டாப்புக்கு இணையமும் இல்லை, அதனால் விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. பத்து மணிக்குக் கடை திறப்பவராக இருந்தால் மணி மட்டும்தான் பிசகியிருக்கும், அவர் கவனித்தேயிருக்க மாட்டார். தேதி நழுவுவது நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் நடுவில்தான். மீன் வியாபாரம் சரியாக அந்த நேரத்தில் நடக்கிறது.

பழைய வீட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது பத்திரத்தில் ஒரு வரி எழுதுவார்கள்: நடை, கிணறு, நடுச்சுவர் மூன்றும் பொது. அறைகளைப் பிரித்ததால் பின்னாளில் பெரிதாகச் சண்டை வராது. வருவதெல்லாம் அந்த ஒரு வரியால்தான். டூயல் பூட்டும் அப்படித்தான். டிஸ்க்கை இரண்டாக்குவது எப்படி என்று படம் போட்டு விளக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிரித்த பிறகும் பொதுவில் நிற்கும் கடிகாரம், வாசல், பூட்டு, தூக்கம் ஆகியவற்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என்னிடம் வந்த டூயல் பூட் புகார்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றில்தான் போய் முடிந்திருக்கின்றன.

முதலில், இரண்டு எதற்கு? தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே இந்தக் கேள்வி 2011-இல் கையில் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துச் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. பொத்தானை அழுத்தியதும் 'எது வேண்டும்?' என்று கேட்கும் மெனுவைப் பல வீடுகள் முதன்முதலாகப் பார்த்தது அந்த லேப்டாப்பில்தான். எனக்குத் தெரிந்த பையன்கள் பலர் அடுத்த வாரமே கடையில் கொடுத்து, பாஸை அழித்து, டிஸ்க் முழுவதையும் விண்டோஸுக்கே கொடுத்துவிட்டார்கள். அதே பையன்களில் சிலர் இன்று சம்பளம் வாங்குவது லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்டுதான்.

இப்போதைய அவசரத்துக்கு வேறு காரணம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதற்கு முந்தைய கணினி நன்றாக ஓடினாலும் வரிசையில் நிற்க முடியாது. லினக்ஸுக்கு முழுதாக மாறிவிடலாமே என்றால், டாலி கணக்கு ஒரு பக்கம் இழுக்கிறது. இன்னொரு பக்கம் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் அச்சகங்களில் யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் சேர்ந்து கிடக்கும் பல வருடக் கோப்புகள். அதனால் ஒரு காலை விண்டோஸில் வைத்துக்கொண்டே மறு காலை எடுத்து வைக்கிறார்கள்.

இனி வாசல். கணினிக்கு உயிர் வரும்போது அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மதர்போர்டில் பதிந்த சிறிய நிரல் எழுந்து, 'அடுத்து யாரைக் கூப்பிடுவது?' என்று தேடும். அந்த நிரலின் பழைய வகையான பயாஸ் முறையில் அந்தத் தேடல் ஒரே இடத்தில் முடியும்: டிஸ்க்கின் முதல் 512 பைட். அதில் 446 பைட் எழுப்பிவிடும் நிரலுக்கு, 64 பைட் பாகப் பட்டியலுக்கு, மிச்சம் இரண்டு பைட் முத்திரை. பாகப் பட்டியலில் ஒரு வரிக்கு 16 பைட் ஆகும் என்பதால் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு (முதன்மைப் பாகத்துக்கு) மேல் போட முடியாது. அந்த 446 பைட்டில் ஒருவர் பெயர்தான் எழுதலாம், கடைசியாக வந்தவர் முன்னவர் பெயரை அழித்துவிட்டு எழுதுவார். விண்டோஸ் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் எழுதிவிடும். லினக்ஸோடு வரும் கிரப் என்ற பூட் மெனு நிரல் மட்டும் 'இங்கே விண்டோஸும் இருக்கிறது' என்று மெனுவில் சேர்த்துக்கொள்ளும். 'முதலில் விண்டோஸ் போடு, பிறகு லினக்ஸ் போடு' என்ற சாஸ்திரம் பிறந்தது அப்படித்தான்.

பயாஸுக்குப் பின் வந்த இன்றைய யூஇஎஃப்ஐ முறையில் இந்தச் சாஸ்திரத்துக்குப் பாதி வேலை போய்விட்டது. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஃபேட் வகையில் ஒரு குட்டி பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸை நீங்களே புதிதாக நிறுவினால் பெரும்பாலும் 100 எம்பிதான் ஒதுக்கும். உள்ளே 'இஎஃப்ஐ' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்', 'பூட்', 'உபுண்டு' (லினக்ஸில் ஒரு வகை) என்று ஆளுக்கொரு ஃபோல்டர், செருப்பு வைக்கும் தட்டில் ஆளுக்கொரு அடுக்கு மாதிரி. யாரும் யாரையும் அழிக்கத் தேவையில்லை. யார் முதலில் என்ற வரிசை மட்டும் டிஸ்க்கில் இல்லாமல் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. பார்ட்டிஷன் பட்டியலும் மாறி ஜிபிடி ஆகிவிட்டது. இன்று எல்லார் வாயிலும் கிடக்கும் ஜிபிடி வேறு, இது வேறு. இதில் வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை போடலாம்.

"விண்டோஸ் அப்டேட் வந்துச்சு, லினக்ஸ் காணாமப் போச்சு" என்று ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், இதனால்தான் நான் முதலில் பதறுவதில்லை. லினக்ஸ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். வரிசையில் விண்டோஸ் முன்னே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆன் செய்தவுடன் எஃப் 12 அல்லது எஃப் 9 (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தினால் பூட் மெனு வரும். அங்கே லினக்ஸின் பெயர் தெரிந்தால், பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய் அதை மேலே ஏற்றினால் முடிந்தது. இதற்குப் போய் ஃபார்மேட் போட்டு, படங்களையும் பாடக் குறிப்புகளையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்திசையிலும் ஒரு பயம் உண்டு. லினக்ஸ் போட்ட பிறகு மெனுவில் விண்டோஸே தெரியாது. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களை (இயங்குதளங்களை) தேடிப் பார்க்கும் வசதி பாதுகாப்புக் கருதி இயல்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. செட்டிங் கோப்பில் ஒரு வரியைத் திருத்தி மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும்.

வாசலில் உண்மையான ஆபத்து இரண்டு. ஒன்று, லினக்ஸ் நிறுவும்போது அந்தக் குட்டி பார்ட்டிஷனை 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடுவது. போட்டால் விண்டோஸின் அடுக்கும் சேர்ந்து போகும். இன்னொன்று முறை மாறிப் போவது. விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் போட்டிருக்கும், பென் டிரைவிலிருந்து லினக்ஸ் யூஇஎஃப்ஐ முறையில் எழும். இரண்டும் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. பூட் மெனுவை உற்றுப் பார்த்தால் சில கணினிகளில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியும். ஒன்று வெறும் பெயர், மற்றது முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்ட பெயர். பலர் கண்ணில் முதலில் பட்டதை அழுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறது என்று 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திரையில் 'பயாஸ் மோட்' வரியைப் பார்த்துவிட்டு அழுத்த வேண்டும்.

அடுத்தது தூக்கம். இது கொஞ்சம் வேடிக்கையானது. விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து 'ஷட் டவுன்' என்பது முழு ஷட் டவுன் கிடையாது. திறந்த நிரல்களை மூடிவிட்டு, ஓஎஸ்ஸின் உள்மனத்தை அப்படியே ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று பெயர். மறுநாள் வேகமாக எழுவதற்காக அந்த ஏற்பாடு. அப்படித் தூங்கும்போது சி டிரைவ், டி டிரைவில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அதன் மனத்தில் இருக்கிறது. இடையில் லினக்ஸ் எழுந்து டி டிரைவில் ஒரு கோப்பைச் சேர்த்தால், காலையில் விண்டோஸ் பழைய கணக்கோடு எழுந்து அதன் மேலேயே எழுதும். கோப்புகள் சிதையும். கணக்குப்பிள்ளை மதியம் தூங்கும்போது வேறொருவர் பேரேட்டில் வரி சேர்த்த கதை. லினக்ஸ் இதைக் கண்டுகொண்டால் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். "டி டிரைவ்ல சேவ் ஆக மாட்டேங்குது" என்ற புகாரின் பின்னணி இதுதான். ஏதோ கோளாறு என்று நினைத்து வலுக்கட்டாயமாகத் திறக்கும் கட்டளையைத் தேடிப் போடுகிறார்களே, அதுதான் கோளாறு.

மாற்று எளிது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட வேண்டும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் பெரிய வேக இழப்பு தெரியாது. டிக்கை எடுக்க மனமில்லை என்றால், லினக்ஸுக்குப் போகும்போது ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் அழுத்த வேண்டும். பெயர்தான் ரீஸ்டார்ட், முழுதாக மூடுவது அதுதான்.

பூட்டுக்கு வருவோம். இதில் இரண்டு பூட்டு. வெளிவாசல் பூட்டுக்கு செக்யூர் பூட் என்று பெயர். கையெழுத்துப் போட்ட நிரலைத்தான் உள்ளே விடுவேன் என்று மதர்போர்டு நிற்கும். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவியாகப் பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்டின் சாவிதான் இருக்கிறது. அதனால் உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் 'ஷிம்' என்ற சின்ன நிரலில் மைக்ரோசாஃப்டிடம் கையெழுத்து வாங்கி, அதன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகின்றன. விருந்தாளி வீட்டுக்காரரின் சாவியை நம்பி இருக்கும் ஏற்பாடு. 2024 ஆகஸ்டில் இது ஒருமுறை நன்றாகவே உறைத்தது. ஓட்டையுள்ள பழைய ஷிம்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பியது. இரண்டு ஓஎஸ் உள்ள கணினிகளை அது தொடாது என்பதுதான் திட்டம். பல கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அடையாளம் காணாமல் தொட்டுவிட்டது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், ஏதோ பெரிய தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு வரி வந்து கணினி அணைந்தது. இந்தப் பூட்டின் சான்றிதழ்கள் 2011-இல் வழங்கப்பட்டவை. அவற்றின் காலம் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குகிறது, புதிய சான்றிதழ்கள் 2023-ஐச் சேர்ந்தவை. எனவே பயாஸ் அப்டேட்டை ஒத்திப்போடும் பழக்கம் டூயல் பூட்காரர்களுக்கு ஆகாது.

உள்ளறைப் பூட்டு பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தால், டிஸ்க் சத்தமில்லாமல் பூட்டிக்கொள்வது இப்போது சாதாரணம். சாவி டிபிஎம் சிப்பில் இருக்கும். பூட் ஆகும் வழியில் எதையாவது மாற்றினால், வந்திருப்பது வீட்டுக்காரர்தானா என்று அந்தச் சிப்புக்குச் சந்தேகம் வந்துவிடும். நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கு? இங்கேதான் நம்மூர் வழக்கம் கழுத்தை அறுக்கிறது. லேப்டாப் வாங்கும்போது கடைப்பையனே தன் மெயில் ஐடியைப் போட்டு 'செட்' செய்து கொடுத்துவிடுகிறான். ஒரு தாய் தன் மகளின் லேப்டாப்போடு வந்தார். கடைக்குப் போனால் அந்தப் பையன் வேலையை விட்டுத் திருப்பூர் போயிருந்தான். போன் நம்பர் தேடி, அவன் கணக்கைத் திறந்து, 48 இலக்கத்தையும் போனில் வாசிக்கச் சொல்லி எழுதினோம். இரண்டு முறை ஆறு, ஒன்பது குழம்பியது. அவன் நல்ல பையன், எடுத்தான். எடுக்காவிட்டால் அந்த டிஸ்க்கிலிருந்த எதையும் யாராலும் மீட்டிருக்க முடியாது.

ஆகவே பென் டிரைவைச் செருகும் முன்பே செய்ய வேண்டியது இது. மீட்புச் சாவியை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால் பயனில்லை. முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

டிஸ்க் பிரிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விண்டோஸின் பாகத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள். 300 ஜிபி காலியாக இருந்தும் 80 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்று அது அடம்பிடித்தால், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஹைபர்னேஷன், சிஸ்டம் ரீஸ்டோர் இரண்டையும் தற்காலிகமாக நிறுத்திப் பார்க்கலாம். படிக்கும் பிள்ளைக்கு லினக்ஸ் பாகம் 60 முதல் 100 ஜிபி தாராளம். பொதுக் கோப்புகளுக்கான பாகத்தை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகையில் வைத்தால் இருவரும் படிக்கலாம், எழுதலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 பாகத்தை விண்டோஸ் தானாகப் படிக்காது, 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் கடலூரில் கரன்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாகத்தைச் சுருக்கும் வேலை லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்கும்போது மட்டும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ்ஸோடு மட்டும்.

இவ்வளவு பொதுவும் வேண்டாம் என்றால் தனி வீடு பார்க்கலாம். டெஸ்க்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸை அதில் வைப்பதுதான் நான் முதலில் சொல்லும் யோசனை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. சில நிறுவும் நிரல்கள் லினக்ஸை இரண்டாவது டிஸ்க்கில் போட்டுவிட்டு, எழுப்பும் கோப்புகளை மட்டும் முதல் டிஸ்க்கின் குட்டி பார்ட்டிஷனில் வைத்துவிடும். பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றினால் இரண்டுமே எழாது. நிறுவும் அரைமணி நேரம் விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்தால் இந்த வம்பே இல்லை. பைத்தானும் சி-யும் எழுதிப் பழக மட்டும் லினக்ஸ் வேண்டுமென்றால், விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் போதும். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷினும் உண்டு, ஆனால் 8 ஜிபி ரேமில் அது இரண்டு பேருக்கும் அரை வயிற்றுச் சாப்பாடு. லினக்ஸை உண்மையாகவே கற்க விரும்பும் மாணவனுக்கு டூயல் பூட்டின் இந்தச் சிக்கல்களே நல்ல பாடம். அதை அப்பாவின் கடைக் கணக்கு இருக்கும் கணினியில் படிக்கக் கூடாது என்பது மட்டும் என் கட்சி.

கடிகாரத்துக்கு இரண்டு வழி. விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதையும் உலகப் பொது நேரத்துக்குப் பழக்கலாம். அல்லது லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இறக்கலாம், ஒரே கட்டளைதான். லினக்ஸ்காரர்கள் பொதுவாக இரண்டாவதைப் பரிந்துரைப்பதில்லை. ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்பின் நகர்த்தும் நாடுகளில் இரண்டு ஓஎஸ்ஸும் ஆளுக்கொரு முறை நகர்த்திவிடும் என்பது அவர்களுடைய முக்கியமான கவலை. இந்தியாவில் அந்த வழக்கமே இல்லாததால், நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

துறைமுகத்தில் அன்று அதற்கெல்லாம் நேரமில்லை. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போடச் சொல்லி, விண்டோஸின் நேர செட்டிங்கில் 'சிங்க் நௌ' அழுத்தச் சொன்னேன். ஐந்து மணிக்கு நேரம் சரியானது. லினக்ஸுக்கான அந்த ஒரு வரியை மகனுக்கு அனுப்பினேன். அவன் எழுந்து பார்க்கும்போது மணி ஒன்பதரை. நேற்றைய தேதியில் அடித்த மூன்று பில்லில் இரண்டைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது, வஞ்சிரம் ஏற்றிய வண்டியோடு புதுச்சேரி போய்விட்டது.